பதிலக்காவின் பதிவேடு

ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர் ஆவது எப்படி என்று இணையத்தில் தேடத் தொடங்கிய ஆறாவது வாரத்தில், பதிலக்காவிடம் நூற்று அறுபத்து மூன்று இணைப்புகள் சேர்ந்திருந்தன. கட்டுரை என்று ஒன்றுகூடச் சேரவில்லை.

இணைப்புகளை அவள் ஏனோதானோ என்று சேர்க்கவில்லை. வீட்டு உபயோக இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஒன்பது வருடம் உட்கார்ந்து பதில் கடிதம் எழுதியவள். எதையும் ஏனோதானோ என்று வைக்க அவளுக்குக் கை வராது. பிரிவை மூடி, பதில் எழுதும் வேலையை ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்த அன்று, எல்லாரும் பூச்செடியும் தேநீர்க் கோப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்ப, இவள் எழுதாத புகார்ப் பதிவேடு ஒன்றை எடுத்து வந்தாள். எண், தேதி, விவரம், எடுத்த நடவடிக்கை, நிலை என்று ஐந்து கட்டங்கள் அச்சடித்த நீளமான பதிவேடு. இப்போது அதில் இணைப்புகள் குடியிருந்தன. எண் 41: முதல் வாடிக்கையாளரைப் பிடிப்பது எப்படி. நடவடிக்கை: பாதி படித்தது. நிலை: நிலுவை.

பதிலக்கா என்பது அந்த அலுவலகம் வைத்த பெயர். எவ்வளவு கொதிப்போடு வந்த கடிதமாக இருந்தாலும் பத்தே நிமிடத்தில் ஆறவைத்துத் திருப்பி அனுப்புவாள். அதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் அந்தக் கடிதங்களின் அடியில் அவள் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை. வாடிக்கையாளர் நலப் பிரிவு என்றுதான் இருக்கும். ஒன்பது வருடம் எழுதியே தேய்ந்த விரல்கள். ஆனால் "இது அம்மா எழுதினது" என்று மகளிடம் காட்ட ஒரு பக்கம் கிடையாது. தன் பெயர் போட்டு ஒரே ஒரு கட்டுரை வந்துவிட வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றதற்குக் காரணம் அதுதான்.

நின்றாள் என்பதும் சரியல்ல. நிற்கத்தானே முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்காருவாள். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலோரம் போவாள். வெயில் கண்ணைக் குத்துகிறது என்று கட்டிலுக்கு வருவாள். கட்டிலில் உட்கார்ந்தால் எழுத்தாளர் மாதிரி இல்லை என்று திரும்ப மேசைக்கே வருவாள். நடுவில் தேநீர், அது ஆறிப்போவது, மறுபடி சுடவைப்பது. நாள் முழுக்கக் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட மாதிரி அலைந்துவிட்டு, மாலையில் பார்த்தால் பதிவேட்டில் நான்கு வரி கூடியிருக்கும்.

"அம்மா, நீ எழுத்தாளரா, இல்ல இன்டர்நெட்டுக்கே கிளார்க்கா?" என்றாள் மகள். பதினாலு வயதுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

"எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டுதான்டி இறங்கணும்."

"நீச்சலுக்கும் இப்படித்தான் புத்தகம் படிச்சியா?"

பதில் சொல்வதற்குள் தொலைபேசி அடித்தது. நாத்தனார். கணவரின் அக்கா, ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மேலாளர்.

"இந்தா பாரு. அந்த ரிசப்ஷன் இடத்தை வர்ற திங்கக்கிழமை காலைல பத்து மணி வரைக்கும்தான் உனக்காகப் பிடிச்சு வெச்சிருக்க முடியும். அதுக்கு மேல என்னால முட்டுக்கொடுக்க முடியாது."

"சரிங்க அண்ணி."

"பெரிய வேலை ஒண்ணும் இல்ல. வர்றவங்ககிட்ட, உக்காருங்க, கூப்பிடுவாங்கன்னு சொல்லணும். கத்துனா சமாதானப்படுத்தணும். உனக்கு அதெல்லாம் கைவந்த கலை."

அண்ணி நல்ல மனசோடுதான் சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. மறுபடியும் யாரோ செய்ததற்குத் தான் சமாதானம் சொல்ல வேண்டும். இன்னொரு மேசை, பெயரில்லாத இன்னொரு பதில். போனை வைத்தவள் பதிவேட்டை இழுத்து, சுத்தம் செய்யப்போகிறேன் என்று உட்கார்ந்தாள். திங்கட்கிழமைக்கு முழுசாக ஒரு வாரம் இருந்தது.

சுத்தம் செய்யும்போதுதான் வண்டவாளம் தெரிந்தது. 'ஏழே நாளில் எழுத்தாளர்' என்ற தலைப்பில் மட்டும் பத்தொன்பது பக்கங்கள். பத்தொன்பதும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில் இருந்தது. இலவச வகுப்பு என்று கூப்பிட்ட ஒன்பதில் ஏழு, மூன்றாவது பாடத்தில் கையை நீட்டின. பதிவுக் கட்டணம் கட்டினால் வீட்டிலேயே வேலை வரும் என்ற ஒன்றை அவள் ஏறக்குறைய நம்பிவிட்டாள். புதிதாக எழுத வருகிறவர்கள் கூடிப் பேசும் ஒரு குழுமத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அந்தத் தளத்தின் பெயரைப் போட்டு, 'கட்டாதீர்கள், நான் கட்டினேன்' என்று எழுதியிருந்தார். அந்தக் குழுமத்தை வைத்துக்கொண்டாள். பத்திரிகை ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எட்டே வரியில் சொல்லியிருந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டாள். மீதியை எல்லாம், கம்பெனியில் செய்வதுபோலவே, 'முடிந்தது' என்று எழுதி மூடினாள்.

கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. பதில் அனுப்பி ஏழு நாட்களுக்குள் வாடிக்கையாளர் திரும்ப எழுதாவிட்டால் அந்தப் புகார் முடிந்தது. இயந்திரம் ஓடுகிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கடிதம் ஓய்ந்தால் பழுதும் ஓய்ந்தது என்று கணக்கு.

எண் 118-இல் வந்து நின்றாள். படமில்லை, மின்னும் எழுத்தில்லை. வீட்டுப் பராமரிப்பு பற்றிய ஒரு சிறு இணைய இதழின், 'எங்களுக்கு எழுத' என்ற பக்கம். 'எண்ணூறு சொற்கள். உங்களுக்கு நேரில் தெரிந்த ஒன்று. பயிற்சி வகுப்பு எதுவும் நான் நடத்தவில்லை. வருகிற எல்லாவற்றையும் நானே படிப்பேன், நானே பதில் போடுவேன்' என்று அதன் ஆசிரியர் எழுதியிருந்தார். இரண்டு வாரமாக இது 'பிறகு பார்க்கவும்' என்று கிடந்திருக்கிறது. தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்று மாலையே எழுதி அனுப்பினாள். துணி துவைக்கும் இயந்திரத்தைப் பராமரிப்பது எப்படி. ஒன்பது வருடம் அதைத்தானே எழுதினாள்? விரல்கள் தானாக ஓடின.

மறுநாள் காலையிலேயே ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. 'நடை சுத்தமாக இருக்கிறது. சில கேள்விகள். "சில வேளைகளில் சிறு குறைபாடுகள் காணப்படலாம்" என்கிறீர்கள். என்ன குறைபாடு? யார் கண்டது? "பயன்பாட்டு முறையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்" என்கிறீர்கள். கூடுமா, இருக்கிறதா? எண்ணூறு சொற்களில் நாளைக்கு யாராவது உங்களிடம் வந்து "நீங்கள் சொன்னீர்களே" என்று கேட்க முடிகிற மாதிரி ஒரு வரிகூட இல்லை. திருத்தி அனுப்புங்கள்.'

பதிலக்காவுக்கு முகம் சூடேறியது. சூடேறினால் என்ன செய்ய வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் பதில் போய்விட்டது. நேரம் ஒதுக்கி எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. தங்கள் மேலான கருத்துகள் உரிய கவனத்துடன் குறித்துக்கொள்ளப்பட்டன. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு ஆழ்ந்த வருத்தம். இனி இவ்வாறு நேராது என்று உறுதி. அனுப்பிவிட்டுப் பதிவேட்டை விரித்து, எண் 118-க்கு எதிரே 'முடிந்தது' என்று எழுதினாள். அப்பாடா என்றிருந்தது. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை ஆசிரியர் மறுபடி எழுதியிருந்தார். 'நான் கேட்டது திருத்தம். வந்திருப்பது மன்னிப்புக் கடிதம். மிக நல்ல மன்னிப்புக் கடிதம். படித்ததும் எனக்கு வராத கோபம்கூடத் தணிந்துவிட்டது. கட்டுரை எங்கே? சனிக்கிழமை மாலை வரை காத்திருக்கிறேன்.'

கணவர் பேருந்து ஓட்டுநர். பணி முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் இரண்டு மடல்களையும் படித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னங்க சிரிக்கிறீங்க? மானம் போகுது எனக்கு."

"இல்ல, கல்யாணமான புதுசுல நான் உன்ன சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போகாம ஏமாத்தினப்போ நீ இதே மாதிரிதான் எனக்கே வருத்தம் தெரிவிச்ச. நான்தானே தப்பு பண்ணேன்?"

மகளும் சேர்ந்து சிரித்தாள். பதிலக்கா கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

வியாழனும் வெள்ளியும் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. எழுத உட்கார்ந்தால் விரல் 'சில வேளைகளில்' என்றுதான் ஆரம்பித்தது. அழித்தால் 'பொதுவாக' என்று வந்தது. எதை எடுத்தாலும் வழவழா கொழகொழா. பிடித்தால் கைக்குள் நிற்காமல் நழுவுகிற வாக்கியங்கள். தெளிவாக எழுதுவது எப்படி என்று தேடினாள். பதினோரு பக்கங்கள் கிடைத்தன. எண் 164, 165 என்று பதிவேட்டில் ஏற்றினாள். துணிச்சலாக எழுதுவது எப்படி என்று தேடினாள். ஜன்னலுக்குப் போனாள், கட்டிலுக்குப் போனாள். தெருவில் இறங்கி முனை வரை நடந்து, ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தாள். எழுத வராது என்றால்கூடத் தேவலை, வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். ஒன்றும் சொல்லாமல் எழுதுவதில் கை தேர்ந்துபோனதுதான் தன் வியாதி என்று புரிந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் மகள் பதிவேட்டைத் தூக்கி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டு, நாற்காலியை வேறு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நேர்ல தெரிஞ்ச ஒண்ணுன்னுதானம்மா கேட்டிருக்காங்க. உனக்கு ஒண்ணுகூடவா தெரியாது?"

தெரியும். ஒன்று நன்றாகவே தெரியும். ஆறு வாரமாக நூற்று அறுபது பக்கங்களைத் தடுப்பாகப் போட்டு, அதைப் பார்க்காமல் இருக்கத்தான் அவள் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் கம்பெனிக்கு ஏழு கடிதங்கள் எழுதினாள். கோடு போட்ட தாளில், கையால். இயந்திரத்தின் கதவு வழியாகத் தண்ணீர் கசிகிறது, வீடெல்லாம் ஈரம், கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். அந்த ரகத்தில் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் சரியில்லை என்று பிரிவில் எல்லாருக்கும் தெரியும். 'கதவு ரப்பர் பற்றி எந்தக் கடிதத்திலும் குறிப்பிட வேண்டாம். சோப்புத்தூளின் அளவு, துணியின் எடை பற்றி அறிவுறுத்தவும்' என்று சுற்றறிக்கையே வந்திருந்தது. பதிலக்கா அறிவுறுத்தினாள். ஐந்தாவது கடிதத்தில் அந்தப் பெண், 'உங்கள் பதிலைக் காட்டித்தான் வீட்டில் என்னைத் திட்டுகிறார்கள். எனக்கு ஒரு மெஷினை ஓட்டக்கூடத் துப்பில்லை என்று கம்பெனியே எழுதிவிட்டதாம்' என்று எழுதியிருந்தாள். ஏழாவதில் இரண்டே வரி. 'சரிசெய்துகூடத் தர வேண்டாம். தப்பு என் மேல் இல்லை என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.' அதற்கும் பத்து நிமிடத்தில் பதில் போயிற்று. சோப்புத்தூள், துணியின் எடை, ஆழ்ந்த வருத்தம். எட்டாவது கடிதம் வரவில்லை. எட்டாம் நாள் புகார் முடிந்தது.

பதிலக்கா மேசையில் உட்கார்ந்தாள். நாற்காலி இல்லாததால் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். 'அந்த ஏழு கடிதங்களுக்கும் பதில் எழுதியவள் நான். பழுது ரப்பரில் இருந்தது. அது எனக்குத் தெரியும்' என்று ஆரம்பித்தாள். அடுத்த வரிக்கு 'கூடும்' வந்து நின்றது, விரட்டினாள். எந்த ரப்பர், எப்படிக் கிழியும், கிழிந்ததை வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, கம்பெனியிடம் என்ன வார்த்தையில் கேட்டால் தட்டிக்கழிக்க முடியாது என்று, அத்தனை வருடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் எழுதினாள். மதியம் சாப்பிடச் சொன்னது காதில் விழவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போகவில்லை.

மாலை நாலரை மணிக்குக் கணவர் படித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஒரு எடத்துலகூட வருந்துறேன்னு இல்லையே."

"இருக்குங்க. வார்த்தையாதான் இல்ல."

"கம்பெனி சும்மா இருக்குமா?"

"கம்பெனி பேரைப் போடல. என் பேரைத்தான் போட்டிருக்கேன்."

அவர் கணினியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு, "அனுப்பு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதில் வரவில்லை. அவள் மடல்பெட்டியைத் திறந்த எண்ணிக்கைக்கு அது மரக்கதவாக இருந்தால் கீல் கழன்றிருக்கும். மகளுக்கே பாவமாகப் போய், பதிவேட்டை இறக்கிக் கொடுத்தாள். பதிலக்கா அதைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்கால். ஆசிரியர் வாயே திறக்கவில்லை. அண்ணியின் வேலை சர்வ நிச்சயம். இந்தப் பக்கம் ஒன்றுமே நிச்சயமில்லை. 'எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் தைரியமாகச் சொல்லிவிடலாம். வராமல் எதை நம்பிச் சொல்வது? பத்து மணிக்குச் சரியாகப் போன் அடித்தது.

"என்ன முடிவு பண்ணின?"

"வரலிங்க அண்ணி."

"என்னது?"

"அந்த வேலைக்கு நான் வரல. வேற யாருக்காவது குடுத்துடுங்க."

தொண்டைவரை வந்துவிட்டது. 'தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு' என்று நாக்கு அதுவாகவே தொடங்கப் பார்த்தது. பதிலக்கா வாயை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் அண்ணி மன்னிப்புக்காகக் காத்திருந்தது நன்றாகவே தெரிந்தது. அந்தக் குடும்பத்தில் அது வழக்கமாக வந்துவிடும்.

"எழுதப் போறியாக்கும்," என்றாள் அண்ணி கடைசியில்.

"ஆமாங்க அண்ணி."

"நல்லா எழுது. அப்புறம் வந்து என்கிட்ட அழக்கூடாது," என்று போனை வைத்தாள். கோபம்தான். ஆனாலும் உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அரை மணி கழித்து மடல் வந்தது. பதிலக்கா நின்றபடியே படித்தாள். 'கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பெயரிலேயே வரும். ஒரே ஒரு கேள்வி. ஏழாவது கடிதத்துக்குப் பிறகு அந்தப் பெண் ஏன் எழுதவில்லை? தெரியாவிட்டால், தெரியாது என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். போதும். இன்றே போட்டுவிடுகிறேன்.'

ஒரே வரி. 'தெரியாது.' பொய்கூட இல்லை. பத்து நிமிடம் வேண்டாம், பத்து நொடி போதும். மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் கட்டுரை திரையில் இருக்கும். விரல் விசைப்பலகைவரை போய்விட்டது.

பிறகு பதிலக்கா கணினியை மூடினாள். அந்தப் பெண்ணின் விலாசத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஏழு முறை உறைமேல் தட்டச்சு செய்த விலாசம், கதவு எண் உட்பட மனப்பாடம். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியிருந்தது. முதல் பேருந்தில் உட்கார இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்லலாம் என்று யோசித்தாள். யோசித்ததெல்லாம் 'மேற்படி இயந்திரம் தொடர்பாக' என்றே வந்தது. யோசிப்பதை விட்டுவிட்டாள்.

நான்கு மாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில், மணியை அழுத்துவதற்கு முன்பே ஆசிரியரின் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டது. வீட்டு வாசலை ஒட்டிய நடைவழியில் அந்த இயந்திரம் நின்றது. அதே ரகம்தான். மேலே நான்கு பூந்தொட்டிகள், கதவில் துரு. உள்ளே யாரோ வாளித் தண்ணீரில் துணி அலசும் சத்தம்.

மணியை அழுத்தினாள். சத்தம் நின்றது. கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குமேல் இருக்காது. முழங்கைவரை நுரை.

"யாருங்க? எங்கேர்ந்து வர்றீங்க?"

ஒன்பது வருடமாக அதற்கு ஒரே பதில்தான் உண்டு. இன்று அது உதவாது. பதிலக்கா தன் பெயரைச் சொன்னாள்.

"நீங்க மெஷின் கம்பெனிக்கு ஏழு கடிதம் போட்டீங்கல்ல, அதுக்கெல்லாம் பதில் எழுதினது நான்தான்மா. ரப்பர்தான் கோளாறு. எனக்கு அப்பவே தெரியும். தப்பு உங்க மேல இல்ல."

அந்தப் பெண் பூந்தொட்டிகளைப் பார்த்தாள். இவள் முகத்தைப் பார்த்தாள். கத்துவாள், அல்லது கதவைச் சாத்துவாள் என்று பதிலக்கா காத்திருந்தாள். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள்.

அந்தப் பெண் கையிலிருந்த நுரையைத் துண்டில் மெல்லத் துடைத்தாள். பிறகு உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இத, எங்க வீட்டுல எல்லாரும் இருக்கும்போது வந்து சொல்வீங்களா?"

"இப்பவே கூப்பிடுங்க," என்றாள் பதிலக்கா.